லாஷியோ டீச்சரா, ஷாப்பிங் சென்டர் வகுப்பா?

கேள்வி: அன்புள்ள அக்காவுக்கு, எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு 6 வயது, சின்னவளுக்கு 4. வீட்டுக்காரர் பயறு, எள் தரகு செய்கிறார். சீன வியாபாரிகளோடு பேச ஒவ்வொரு தடவையும் ஆள் தேடி அலைவதால், பிள்ளைகளையாவது சீனம் படிக்க வைக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறார். மூன்று இடம் விசாரித்தோம். ஒன்று ஷாப்பிங் சென்டரில்; ஏசி, பொம்மை, பாட்டு எல்லாம் உண்டு, ஆறே மாதத்தில் சர்ட்டிபிகேட் என்கிறார்கள். இன்னொன்று சீனர்கள் அதிகம் வாழும் லாத்தாவில், வடக்கு ஷான் மாநிலத்து லாஷியோவிலிருந்து வந்த ஒரு டீச்சர் தன் வீட்டில் ஏழெட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார். ஆனால் அவர் சொல்லித் தருவது பழைய எழுத்தாம். மூன்றாவது ஆன்லைன். எதில் சேர்ப்பது? ஷாப்பிங் சென்டர் வகுப்பு ஞாயிறு காலையில். கோயிலில் தமிழ் வகுப்பும் அதே நேரம்தான். "இருக்கிற தமிழும் போயிரும்" என்று மாமியார் புலம்புகிறார்.
– ஒரு வாசகி, தாம்வே, யாங்கோன்

பதில்: அன்புத் தங்கைக்கு, உங்கள் மாமியார் சொல்வதிலிருந்தே தொடங்குகிறேன். 1965-இல் பர்மாவில் தனியார் பள்ளிகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது நம் தமிழ்ப் பள்ளிகளும் போயின, சீனர்களின் பள்ளிகளும் போயின. அவர்கள் மொழி வீட்டு டியூஷனில் பிழைத்தது, நம் மொழி கோயில் மண்டபத்தில் பிழைத்தது. அந்த ஞாயிறு வகுப்பு அப்படி மிஞ்சியது. அதைத் தொடாதீர்கள். சீனத்துக்கு சனிக்கிழமை இருக்கிறது, வாரநாள் சாயங்காலம் இருக்கிறது. ஞாயிறு காலை மட்டும்தான் முடியும் என்று சொல்லும் இடம், எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் உங்களுக்கு ஆகாது.

அடுத்து உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை. ஆறு வயதுப் பையன் எள் விலை பேச இன்னும் பதினைந்து வருஷமாவது ஆகும். அவசரம் வியாபாரத்துக்கு என்றால் பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் அவரே சேரலாம். கிண்டலுக்குச் சொல்லவில்லை. அப்பா நோட்டைத் திறந்து உட்கார்ந்தால் பிள்ளையும் உட்காரும்.

இனி வகுப்புக்கு வருவோம். நம் பிள்ளைகளுக்குக் கையில் ஏற்கெனவே ஒரு முதல் இருக்கிறது. தெருவிலும் பள்ளியிலும் பர்மிய மொழி பேசுகிறார்கள். குரலை ஏற்றி இறக்கினால் பொருள் மாறும் என்பது பர்மியம் பேசும் காதுக்குப் புதிதல்ல. சீனத்தின் நான்கு தொனிகளைச் சென்னையில் ஒரு பிள்ளை முதலிலிருந்து பழக வேண்டும்; உங்கள் பையனுக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. மூச்சை அடக்கிச் சொல்லும் 'ப'வும் மூச்சை ஊதிச் சொல்லும் 'ப'வும் பர்மியத்தில் தனித்தனி எழுத்து. சீனத்திலும் அவை வேறு வேறு ஒலிகள்தான். நாக்கை மடக்கிச் சொல்லும் சீன ஒலிகளில் ஒன்று நம் ழகரத்துக்குப் பக்கத்து வீடு. அதனால் '4 வயதிலேயே சேர்க்காவிட்டால் காலம் கடந்துவிடும்' என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

சேர்க்கும் முன் ஒரு வகுப்பு முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பாருங்கள். உட்கார விடமாட்டோம் என்றால் அதுவே பதில். உட்கார்ந்தால் சுவர்ப் படத்தைப் பார்க்காதீர்கள், பிள்ளைகளின் வாயைப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தனியாக எத்தனை தடவை பேசுகிறது? இருபது பிள்ளைகள் சேர்ந்து பாட்டுப் பாடினால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதில் தப்பாகப் பாடுவது யார் என்று டீச்சருக்கே தெரியாது. சீனத்தில் 'வாங்கு', 'விற்பனை செய்' இரண்டுமே 'மாய்'தான், தொனி மட்டும் வேறு. தரகர் வீட்டுப் பிள்ளைக்கு இது முக்கியம் அல்லவா? பிள்ளை தொனி மாற்றிச் சொல்லும்போது டீச்சர் நிறுத்தி, தானே சொல்லிக் காட்டி, மறுபடி சொல்ல வைக்கிறாரா என்று கவனியுங்கள். "சரி சரி" என்று கடந்து போனால் அந்தத் தப்பு பிள்ளையின் நாக்கில் குடியேறிவிடும்.

அப்புறம் ஏதாவது ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். சீனத்தில் 'வாய்' என்பதற்கான எழுத்து ஒரு சின்னச் சதுரம். அதை மூன்று கோடுகளில் எழுத வேண்டும். முதலில் இடப்பக்கக் கோடு மேலிருந்து கீழே, பிறகு மேற்கோட்டை இழுத்து, கையை எடுக்காமல் வலப்பக்கம் கீழே இறக்க வேண்டும், கடைசியில் அடிக்கோடு. பர்மிய எழுத்தின் வட்டங்களில் பழகிய நம் பிள்ளைகள் இதை ஒரே சுழியில் உருட்டிவிடுவார்கள். நோட்டுப் பக்கம் முழுக்க உருண்டைச் சதுரமாக இருந்து, திருத்திய அடையாளமே இல்லையென்றால், அங்கே யாரும் பிள்ளையின் கையைப் பார்ப்பதில்லை என்று அர்த்தம். சீன உச்சரிப்பைப் பர்மிய எழுத்தில் மேலே எழுதிவைத்துப் படிக்க வைக்கிறார்களா என்றும் பாருங்கள். முதல் வாரத்தில் சுலபமாகத் தெரியும், பிறகு பிள்ளை சீன எழுத்தைப் பார்க்கவே பார்க்காது.

லாஷியோ டீச்சர் விஷயம். பழைய எழுத்து என்பது தைவானில் இன்றும் புழங்கும் முழு வடிவ எழுத்து. வடக்கு ஷான் பக்கத்துச் சீனப் பள்ளிகள் பலவற்றில் தைவான் பாடநூல்கள் வழியாக அது நிலைத்திருக்கிறது. சீனாவிலோ 1956 முதல் எழுத்துகளைச் சுருக்கிவிட்டார்கள். எல்லைக்கு அப்பால் யுன்னான் மாகாணத்து வியாபாரி எழுதும் ரசீதும், எச்எஸ்கே போன்ற சீன மொழித் தேர்வுகளும் அந்தச் சுருக்கிய எழுத்தில்தான். உங்கள் வீட்டுத் தேவைக்கு அதுதான் பொருந்தும். ஆனால் இதற்காக மட்டும் அந்த டீச்சரைத் தள்ளிவிடாதீர்கள். இரண்டு எழுத்தும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். "சுருக்கிய எழுத்துப் புத்தகம் வைத்து நடத்துவீர்களா?" என்று நேராகக் கேளுங்கள். அவர் வழியில் ஒரு நன்மையும் உண்டு. தைவான் முறையில் உச்சரிப்புக்கு 37 தனிக் குறிகள். சீனாவின் பின்யின் முறையில் உச்சரிப்பைக் காட்ட ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துகிறார்கள், ஆனால் பல எழுத்துகளின் ஒலி வேறு. இங்கிலீஷ் எழுத்தை இப்போதுதான் கற்கும் பிள்ளைக்கு இரண்டும் கலந்துவிடும். அதனால் பின்யினை மெதுவாகத் தொடங்கும் டீச்சர் நல்லவர்.

இன்னொன்று. லாத்தாவின் பழைய குடும்பங்கள் பலரின் வீட்டு மொழி ஹொக்கியன் அல்லது கான்டனீஸ்; இவை தென்சீனப் பேச்சு மொழிகள். லாஷியோ பக்கத்தில் யுன்னான் பேச்சு. டீச்சர் சீனர் என்பது போதாது, பொதுச் சீனமான மாண்டரினைத் தெளிவாகப் பேசுகிறாரா என்று தெரிந்த ஒருவரை வைத்துக் கேளுங்கள். கொஞ்சம் யுன்னான் வாடை அடித்தால் பரவாயில்லை.

சர்ட்டிபிகேட்டில் மயங்காதீர்கள். சிறுவர்களுக்கான ஒய்சிடி தேர்வின் முதல் படி 80 சொற்கள்தான். சந்தோஷப்படலாம், அதற்காக ஆறு மாதம் அதை மட்டுமே உருப்போட வைக்க வேண்டாம்.

ஆன்லைனை 6 வயதுக்கு முதல் வகுப்பாக நான் சொல்லமாட்டேன். நம் ஊர்க் கரண்டை நம்பி எந்த அட்டவணையும் போட முடியாது. திரைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குப் பிள்ளை பென்சில் பிடிக்கும் கையும் தெரியாது. பேச்சு கொஞ்சம் வந்தபின் வாரம் ஒருநாள் பேசிப் பழக வைத்துக்கொள்ளலாம்.

என்னைக் கேட்டால், நான் சொன்ன சோதனைகளில் தேறினால் லாத்தா டீச்சர்தான். ஏழெட்டுப் பிள்ளைகள் என்பதே பெரிய காரணம். வாரம் இரண்டு நாள் போதும். அன்றன்று சொன்ன வாக்கியங்களை வைபரில் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள். தினமும் பத்து நிமிடம் அதைப் போட்டு, பையனை உங்களுக்குச் சொல்லித்தர விடுங்கள். நீங்கள் தப்பாகச் சொன்னால் அவனுக்குக் கொண்டாட்டமாக இருக்கும்.

சின்னவளை இந்த வருஷம் சேர்க்க வேண்டாம். அண்ணன் பதிவைக் கேட்கும்போது அவள் பக்கத்தில் விளையாடட்டும், எழுத்துப் பக்கம் போகவே வேண்டாம். கட்டணத்தை மாதாமாதம் கட்டுங்கள். டீச்சர்கள் திடீரென்று வெளிநாடு கிளம்பிப் போகிற காலம் இது. வருஷப் பணத்தை மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்று ஷாப்பிங் சென்டர்காரர்கள் நிச்சயம் சொல்வார்கள்; வீட்டுக்காரர் தரகர், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டப் போகிறார், அவரை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள்.