எங்கள் தெருக்காரர்களே சேர்ந்து பொதுவில் மளிகைக் கடை நடத்த நினைக்கிறோம். மதுரை மாதிரி ஊரில் இது நிலைக்குமா?

நிலைக்கும். வில்லாபுரத்தில் எங்கள் தெருவில் நாலு வருடமாக நடக்கிறது. உங்களுடையதும் முப்பது வீட்டுக்குள் அடங்கும் தெரு என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

23 வீடு, வீட்டுக்கு 2,000 ரூபாய் போட்டோம். மாதாமாதம் கீழமாசி வீதி மொத்தக் கடையில் பருப்பு, உளுந்து, சீனி, வத்தல் எடுத்து வந்து எங்கள் முன்னறையில் பொட்டலம் போடுவோம். சில்லறை விலையைவிடக் குறைவாகவே விழும். அதில் சிக்கல் இல்லை. சிக்கல் சந்தேகத்தில் வரும்.

மூன்றாவது மாதம் துவரம்பருப்பு 50 கிலோ மூட்டை. அரைக் கிலோ பொட்டலம் 100 வரவேண்டும், 98தான் வந்தது. ராத்திரி பத்து மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி கேட்டாள்: "மிச்சம் ரெண்டு எங்க மதினி?" யாரும் எனக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு நான் தூங்கவில்லை. வீட்டுக்காரர், "நமக்கு எதுக்கு இந்த வேலை, விட்டுரு" என்றார்.

விடவில்லை. அடுத்த மூட்டையை எல்லாரையும் உட்காரவைத்துக்கொண்டுதான் பிரித்தேன். மூட்டை 50 கிலோ என்பது சாக்கோடு சேர்த்து. சாக்கைத் தனியாக நிறுத்தால் 600 கிராம். பொட்டலம் போடும்போது தராசு சரியாக 500-ல் நிற்காது. 503, 504 என்று ஏறும். அதைக் கிள்ளி எடுக்க எனக்கு மனசு வராது. 98 பொட்டலம் முடிந்தபோது சாக்கில் மீதி ஒரு கைப்பிடி. கேட்டவளே அதை அள்ளி என் கையில் கொடுத்தாள். அன்றிலிருந்து பொட்டலம் போட வேறு வேறு வீட்டிலிருந்து இரண்டு பேர் வரவேண்டும், கொள்முதல் சீட்டைச் சுவரில் ஒட்டவேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

இன்னொன்று, கடன் கிடையாது. இங்கிலாந்தில் ராக்டேல் ஊரில் 1844-ல் 28 பேர் சேர்ந்து தொடங்கிய கூட்டுறவுக் கடையும் ரொக்கத்துக்குத்தான் விற்றது. லாபத்தை அவரவர் வாங்கிய அளவுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். நாங்களும் தீபாவளிக்கு அப்படித்தான் பிரிக்கிறோம்.

இதைப் படித்துவிட்டு, அண்ணாச்சி கடையைக் கெடுக்கிறாயா என்று யாராவது வருவீர்கள். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிந்தது அண்ணாச்சியின் கடன் நோட்டில்தான். எங்களால் அதைச் செய்ய முடியாது. சோப்பு, எண்ணெய், பால் எல்லாம் இன்றைக்கும் அங்கேதான் வாங்குகிறேன்.

"சங்கம்னாலே சுருட்டல்" என்பவர்களுக்கும் சொல்கிறேன்: சென்னையில் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-ல் தொடங்கியது. நம்ம ஊர் பாண்டியன் சூப்பர் மார்க்கெட்டும் கூட்டுறவுதான். எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை.

பருப்பு விலையைவிட என்னை வருத்துவது தெருதான். சாக்கடைக்கு என்று தோண்டிப் போட்டு எட்டு மாதம் மூடவில்லை. லோடு ஆட்டோ முக்கிலேயே நின்றுவிடும். ஒவ்வொரு மூட்டையையும் எங்கள் பெண்கள் இடுப்பில் தாங்கித் தாங்கி இழுத்து வந்தார்கள். மனு கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனோம். கேட்க நாதியில்லை.

சரி, உங்கள் விஷயம். கூட்டுறவுச் சங்கம் என்று பெயர் வைத்து நடத்துவதானால் 1983-ஆம் வருடச் சட்டப்படி பதிவு செய்யவேண்டும். நாங்கள் செய்யவில்லை, உறுப்பினர் வீடுகளுக்குள் மட்டும் பிரித்துக்கொள்கிறோம். வெளியாருக்கு விற்பதானால் கூட்டுறவுத் துறை அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள். முதல் மூட்டை வரும் அன்று எல்லா வீட்டிலிருந்தும் ஒரு ஆளை வரச்சொல்லுங்கள். பிரித்ததும் சாக்கைத் தனியாக நிறுத்துக் காட்டுங்கள்.