நூலும் ஊசியும்: வாசகர் கேள்வி பதில்

நூல்வேலை செய்கிறவர்கள் ஒன்றுகூடி இயங்கும் குழுக்களைப் பற்றி வட சென்னை வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் ஆறுக்கு இம்முறை பதில் எழுதுகிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: எங்கள் குடியிருப்பில் கொக்கி ஊசியால் குரோஷா பின்னுகிறவர்கள் மூவர், எம்பிராய்டரி போடுகிறவர்கள் இருவர், பழைய புடவைகளைச் சேர்த்துத் தைத்து ஒட்டுப்போர்வை செய்யும் பாட்டி ஒருவர் இருக்கிறோம். மாதம் ஒருமுறை கூடி ஒரு சங்கமாக இயங்க விரும்புகிறோம். எப்படித் தொடங்கலாம்?
— கொருக்குப்பேட்டை வாசகி

பதில்: சங்கம் என்ற சொல்லைக் கொஞ்ச நாள் ஒத்திப்போடுங்கள். தலைவர், செயலாளர், பொருளாளர், ரப்பர் முத்திரை என்று தொடங்கிய குழுவொன்றில் ஆறாவது மாதம் கணக்கு நோட்டு மட்டும் எஞ்சியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். முதலில் தேவைப்படுவது மாறாத ஒரு நாளும் மாறாத ஓர் இடமும்தான். எங்கள் வட்டம் ராயபுரத்தில் ஓர் உறுப்பினரின் வீட்டு மாடியில் இரண்டாம் ஞாயிறு மாலை கூடுகிறது; அந்த மாதம் நான்கு பேர் மட்டுமே வந்தாலும் கூட்டம் நடக்கும் என்ற உறுதி இருப்பதால்தான் மறுமாதம் பதினான்கு பேர் வருகிறார்கள்.

இரண்டாவதாக, ஒரு மாதிரிப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவரும் செய்து பார்த்த வேலையின் சிறு துண்டைத் தாளில் தைத்து, பக்கத்தில் நூலின் பெயர், லேபிளில் உள்ள லாட் எண் (ஒரே தடவையில் சாயமிட்ட நூல் என்பதைக் காட்டும் எண்), ஊசியின் மில்லிமீட்டர் அளவு, துவைத்தபின் எவ்வளவு சுருங்கியது ஆகியவற்றை எழுதினால் போதும். பாரிமுனையில் ஒரே நிறம் என்று நம்பி இரண்டு முறை வாங்கிய நூல், லாட் மாறியதால் பாதிப் போர்வையில் பளிச்சென்று வேறு நிறமாகத் தெரிகிற அனுபவம் உங்களுக்கும் ஒருநாள் வரும். அப்போது அந்தப் புத்தகத்தின் அருமை புரியும்.

மூன்றாவதாக, எல்லோரும் சேர்ந்து ஒரு பொருளைச் செய்யுங்கள். இதில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். வரிசைக்கு எட்டாக எட்டு வரிசை, மொத்தம் 64 சதுரங்கள், ஒவ்வொன்றும் 6 அங்குலம் என்று பேசி ஒரே நூலைப் பங்கிட்டுக்கொண்டு பிரிந்தோம். மறுமாதம் தரையில் பரப்பியபோது ஐந்தேகால் அங்குலம் முதல் ஏழு அங்குலம் வரை எல்லா அளவிலும் சதுரங்கள் இருந்தன. நூலைப் பற்றிப் பேசிய நாங்கள் ஊசியைப் பற்றிப் பேசவில்லை, ஒருவரிடம் 3.5 மில்லிமீட்டர் ஊசியும் இன்னொருவரிடம் 4.5 மில்லிமீட்டர் ஊசியும் இருந்தன. அது மட்டுமா, ஒரே ஊசியைப் பிடித்தவர்களின் கைகளும் ஒன்றுபோல் இழுப்பதில்லை. ஓர் உறுப்பினர் தம்முடைய இரண்டு சதுரங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். மகளின் தேர்வு முடிவு வருவதற்கு முந்தைய இரவு பின்னியது அரை அங்குலம் சிறியதாக இருந்தது. சிறியவற்றைச் சுற்றி ஒன்றிரண்டு வரிசைகள் கூட்டிப் பின்னி எல்லாவற்றையும் 7 அங்குலத்துக்குக் கொண்டுவந்தோம். அந்தக் கூடுதல் வரிசைகளை வேண்டுமென்றே கருநீலத்தில் பின்னியதால், பார்க்கிறவர்கள் அதுதான் வடிவமைப்பு என்று நினைக்கிறார்கள். 2016 ஜனவரி 31 அன்று சென்னையில் மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ் என்ற பெண்கள் குழு 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள குரோஷா போர்வையைப் பரப்பிக் கின்னஸ் சாதனை படைத்ததே, அதன் பரப்பைவிட அத்தனை பேரின் துண்டுகளைப் பொருத்தி எடுத்த பொறுமையே அதற்குப் பிறகு எனக்குப் பெரிதாகத் தோன்றியது.

விற்பனையை முதல் ஆண்டில் எடுத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. காசு பற்றிய பேச்சு வந்ததும் கற்றுக்கொடுக்கிறவரின் கை கொஞ்சம் மூடிக்கொள்கிறது. காட்சிக்கு வைக்க விரும்பினால் ஆகஸ்ட் 7 பொருத்தமான நாள். 1905இல் சுதேசி இயக்கம் தொடங்கிய அந்த நாளைத் தேசியக் கைத்தறி நாளாக 2015இல் முதன்முதலாகக் கொண்டாடியது நம் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூற்றாண்டு மண்டபத்தில்தான்.

கேள்வி: ஆங்கிலப் புத்தகம் ஒன்றைப் பார்த்துக் குழந்தைக்குத் தொப்பி பின்னினேன். ஒரு வரி விடாமல் பின்பற்றியும் அது என் கணவரின் தலைக்குச் சரியாக இருக்கிறது. எங்கே தவறினேன்?
— பெரம்பூர் வாசகி

பதில்: நீங்கள் தவறவில்லை, புத்தகம் பிரிட்டனில் அச்சானதாக இருக்க வேண்டும். அமெரிக்கர்கள் சிங்கிள் குரோஷா என்று சொல்வதையே பிரிட்டனில் டபுள் குரோஷா என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டனில் டிரெபிள் ஆகிவிடும். நம் ஊர் வகுப்புகளிலும் காணொளிகளிலும் பெரும்பாலும் அமெரிக்கப் பெயர்களையே கற்றுத்தருகிறார்கள் என்பதால், குட்டையாக வர வேண்டிய கண்ணியை நீங்கள் உயரமாகப் பின்னியிருப்பீர்கள். புத்தகத்தில் எங்காவது சிங்கிள் குரோஷா என்ற பெயர் வருகிறதா என்று தேடுங்கள். வந்தால் அமெரிக்க முறை. ஏனெனில் பிரிட்டன் முறையில் அப்படி ஒரு பெயரே கிடையாது. தொப்பியைப் பிரிக்க வேண்டாம், மார்கழியில் உதவும்.

கேள்வி: துறைமுகம், தொழிற்சாலை, லாரி இவற்றைத் தவிர வட சென்னையில் என்ன இருக்கிறது என்று என் பேரன் கேட்கிறான். நம் பகுதிக்கும் நூல், துணிக் கலைகளுக்கும் தொடர்பு உண்டா?
— திருவொற்றியூர் வாசகர், ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: ஐயா, பேரனை அழைத்துக்கொண்டு உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கும் காலடிப்பேட்டைக்கு ஒரு நடை போய்வாருங்கள். யாருடைய காலடியும் அந்தப் பெயரில் இல்லை. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் நெசவாளர்களைக் குடியமர்த்திய காலெட்பேட்டைதான் வாய்ச்சொல்லில் காலடிப்பேட்டையாயிற்று. கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கரைக்கு வந்ததற்கே துணி ஒரு முக்கியக் காரணம். 1639இல் கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே மதராசப்பட்டினத்தைத் தேர்ந்தபோது, இங்கே துணி மற்ற இடங்களைவிட மலிவாகக் கிடைக்கிறது என்பதைத் தம் வாதங்களில் ஒன்றாக வைத்தார். தறியிலிருந்து இறங்கிய துணி பழுப்பு நிறத்தில், கஞ்சி ஏறி, முரடாக இருக்கும். அதை வெளுத்து ஏற்றுமதிக்குத் தகுந்ததாக்கியவர்கள் குடியிருந்த பகுதியே வண்ணாரப்பேட்டை. வெளுப்பு என்பதை வெறும் சலவை என்று நினைத்துவிடக் கூடாது. வெளுப்புச் சரியில்லாத துணியில் சாயம் திட்டுத்திட்டாகத்தான் ஏறும்.

சாயமும் இந்த மணலிலேயே விளைந்தது. இம்பூரல் என்றும் சாயவேர் என்றும் சொல்லப்படும் சிறு செடி கடலோர மணற்பாங்கான நிலத்தில் வளரும். அதன் மெல்லிய வேரைத் தோண்டியெடுத்துப் படிகாரம் ஏற்றிய பருத்தியோடு கொதிக்கவைத்தால் கிடைக்கும் சிவப்புதான் சோழமண்டலக் கரைத் துணிகளுக்குப் பேர் வாங்கித் தந்தது.

பிறகு மில் வந்தது. பெரம்பூர்ப் பக்கத்தில் பக்கிங்ஹாம் மில், கர்நாடிக் மில் என்று 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொடங்கி, 1920இல் ஒரே கம்பெனியாக இணைந்து, 1996இல் மூடப்பட்ட பி அண்ட் சி மில்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு, திரு.வி.க. போன்றோரின் துணையோடு, அந்த மில் தொழிலாளர்களுக்காகத் தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கத்தை இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்பார்கள். நூல்வேலைக் குழுக்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. அங்கே கடைசிவரை வேலை பார்த்தவர்கள் இன்னும் ஓட்டேரியிலும் புளியந்தோப்பிலும் இருக்கிறார்கள். பஞ்சைத் தொட்டே தரம் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். கைராட்டையில் நூற்கக் கற்கிற இளையவர்கள் கூட்டத்துக்கு அழைத்து உட்காரவைக்க வேண்டியவர்கள்.

கேள்வி: வெள்ளைப் பருத்தித் துணியை மஞ்சளில் சாயமிட்டேன். சோப்புப் போட்டதும் சிவந்துவிட்டது, நான்கு நாள் வெயிலில் வெளுத்தும்விட்டது. இயற்கைச் சாயம் என்பதே ஏமாற்றா?
— வியாசர்பாடி வாசகி

பதில்: ஆரத்தி கரைக்கும்போது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்ததும் என்ன ஆகிறதோ அதுவே உங்கள் வாளியிலும் ஆனது. சோப்புக்குக் காரத்தன்மை உண்டு; எலுமிச்சம்பழச் சாறு கலந்த நீரில் அலசினால் மஞ்சள் நிறம் திரும்பிவிடும். வெயிலில் வெளுப்பதற்கு மட்டும் மருந்து கிடையாது, மஞ்சளின் இயல்பு அது. ஒரு சாயப்பொருளின் குறையை வைத்து எல்லாவற்றையும் ஏமாற்று என்று தள்ளிவிடாதீர்கள்.

சாயத்தைத் துணியோடு பிணைப்பது படிகாரம், ஆனால் பருத்தி தானாகப் படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளாது. இடையில் துவர்ப்பு வேண்டும். முதலில் சலவைச் சோடா போட்ட நீரில் துணியைக் கொதிக்கவைத்துக் கஞ்சியையும் எண்ணெய்ப் பசையையும் போக்குங்கள். பிறகு 100 கிராம் துணிக்கு 20 கிராம் கடுக்காய்த் தூள் என்ற கணக்கில் ஊறவைத்து, பிழிந்து, நிழலில் உலர்த்தி, அடுத்து 15 கிராம் படிகாரம் கரைத்த நீரில் ஊறவிடுங்கள். அதன்பின் சிவப்பு தரும் மஞ்சிட்டி வேரிலோ மாதுளம்பழத் தோலிலோ இட்டால் நிறம் மஞ்சளைவிட எவ்வளவோ நாள் நிற்கும். கடுக்காய், படிகாரம், மஞ்சிட்டி மூன்றும் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைப்பவை. தண்ணீர் விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்று நீரில் இரும்பு இருந்தால் எந்த நிறமும் மங்கிவிடும். எங்கள் வட்டத்தில் ஐப்பசி மழைநீரைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் சாயவேலைக்கு உட்காருகிறோம். ஒருமுறை சோம்பல்பட்டுக் குழாய்க் கிணற்று நீரை ஊற்றியதன் பலன், சிவப்பாக வர வேண்டிய ஆறு மீட்டர் துணி பழைய செங்கல் நிறத்தில் இன்னும் என் அலமாரியில் இருக்கிறது.

கேள்வி: சென்னைச் சிவப்பு என்று ஓர் ஆட்டினம் இருப்பதாகப் படித்தேன். அதன் கம்பளியை நூற்கலாமா?
— எண்ணூர் வாசகர்

பதில்: முடியாது. அது இறைச்சிக்கான செம்மறி. உடம்பில் இருப்பது கம்பளியன்று, குட்டை முடி. தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி நீலகிரிச் செம்மறியிடம் உண்டு. கோயம்புத்தூர், திருச்சிக் கறுப்பு இனங்களின் கம்பளி முரடானது.

கேள்வி: என் தந்தை காசிமேட்டில் வலை சரிசெய்கிறார். கல்லூரித் தோழிகளுடன் ஒரு நூல்வேலைக் குழுவுக்குப் போகிறேன். அங்கே கயிற்றில் முடிச்சுப் போட்டுத் தொங்கல்கள் செய்யும் மேக்ரமேயைக் கலை என்கிறார்கள். அப்பா செய்வதும் கலையில் சேருமா?
— புதுவண்ணாரப்பேட்டை மாணவி

பதில்: சேருமா என்று கேட்க வேண்டிய இடத்தில் நீங்கள் இல்லை, அம்மா. உங்கள் குழுவினரை ஒரு காலைப்பொழுதில் துறைமுகத்துக்கு அழைத்துப்போய், பேசாமல் அரைமணி நேரம் பார்க்கச் சொல்லுங்கள். வலை சரிசெய்கிறவர்கள் அதன் ஓரத்தைக் கால் கட்டைவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த இடத்தைத் தைக்காமல் முதலில் இன்னும் பெரிதாக வெட்டுவார்கள். அது ஏன் என்று எங்கள் உறுப்பினர்கள் பதறிக் கேட்டார்கள். ஒரு முடிச்சிலிருந்து நான்கு இழைகள் பிரிவது வலையின் இயல்பு. மூன்று இழைகள் மட்டும் மிஞ்சிய முடிச்சு ஒன்றில் தொடங்கி, இடையில் எல்லா முடிச்சிலும் இரண்டிரண்டு இழைகளே இருக்கும்படி வெட்டிச் சீராக்கி, மறுபடி மூன்று இழை முடிச்சு ஒன்றில் முடித்தால்தான் ஒரே நூலில், இடையில் அறுக்காமல், கண்களை வரிசையாகத் திரும்பப் பின்ன முடியும். கண்ணின் அளவு கொஞ்சம் பிசகினாலும் அந்த இடத்தில் வலை சுருங்கும். மேக்ரமே தொங்கலில் ஒரு முடிச்சு தளர்ந்தால் பூச்சட்டி சற்றுச் சாயும், அவ்வளவுதான்.

மேல்கயிற்றில் வலையைக் கட்டுவதையும் கவனியுங்கள். முழு நீளத்துக்கு விரித்துக் கட்டாமல் சுருக்கிக் கட்டுவதால்தான் கண்கள் சாய்சதுரமாகத் திறந்து நிற்கின்றன. இத்தனைக்கு இத்தனை என்று கணக்கிட்டுத் துணியைச் சுருக்கித் தைக்கிற நம் வேலைக்கு அது அண்ணன் முறை. நைலான் வருவதற்கு முன் பருத்தி வலைகள் சீக்கிரம் மக்காதிருக்க மரப்பட்டைச் சாற்றில் ஊறவைப்பார்கள். வியாசர்பாடி வாசகிக்கு நான் சொன்ன துவர்ப்பின் இன்னொரு பயன் அது.

முடிச்சைப் பற்றி ஒன்று. தறியில் அறுந்த இழையை இணைக்க மில்லில் போடும் நெசவாளர் முடிச்சும், வலையின் முடிச்சும் அமைப்பில் ஒன்றே. எங்கள் மாடிக்கு ஒருமுறை வலை சரிசெய்கிற பெரியவர் ஒருவரை அழைத்திருந்தோம். மில்லில் முப்பது ஆண்டு வேலை பார்த்த எங்கள் உறுப்பினர், அவர் ஊசியைக் கண்ணிக்குள் விட்டு இழுத்ததைக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்து, தம் சட்டைப்பையிலிருந்து நாற்பதாம் நம்பர் நூலை எடுத்துக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் தொட்டுக்கொள்ளும் நேரத்தில் அதே முடிச்சைப் போட்டுக் காட்டினார். இது எங்கள் மில் முடிச்சு என்றார். வலைக்காரர் வாங்கிப் பார்த்தார், நகத்தால் நெருடினார், திருப்பிக் கொடுத்தார். கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.