பெருங்குடல் புற்றுநோய்: சி.ஆர்.பி. கூடியிருந்தால் என்ன பொருள்?

அறுவை சிகிச்சைக்கு முன் சி.ஆர்.பி. (உடலில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம்) கூடியிருப்பது ஆயுளைப் பாதிக்குமா என்பது கேள்வி. கட்டியைச் சுற்றியுள்ள நோயெதிர்ப்பு செல்கள் சுரக்கும் இன்டர்லூக்கின்-6 என்ற சமிக்ஞைப் புரதம்தான் கல்லீரலை சி.ஆர்.பி. தயாரிக்க வைக்கிறது. அதே இன்டர்லூக்கின்-6 புற்றுசெல்லின் ஏற்பியில் ஒட்டினால், உள்ளே ஜாக் என்ற நொதி ஸ்டாட்-3 என்ற புரதத்தில் பாஸ்பேட்டை ஏற்றி அதை இயக்கும். ஸ்டாட்-3 உட்கருவுக்குள் நுழைந்து, சாக வேண்டிய செல்லைச் சாகவிடாத மரபணுக்களை முடுக்கிவிடும். வில்லன் சி.ஆர்.பி. அல்ல, அது வெறும் தடயம்.

புற்றுநோயின் போக்கை ரத்தப் பரிசோதனையை வைத்துக் கணிக்கும் திருத்திய கிளாஸ்கோ மதிப்பெண்படி, சி.ஆர்.பி. லிட்டருக்கு 10 மில்லிகிராமைத் தாண்டினால் 1. கூடவே அல்புமின் என்ற ரத்தப் புரதம் லிட்டருக்கு 35 கிராமுக்குக் கீழே போனால் 2. நோயின் நிலை ஒன்றாகவே இருந்தாலும், 2 உள்ளவர்களின் உயிர்வாழ்வு சராசரியாகக் குறைவு. சராசரிதான், தனி ஆளுக்கான தீர்ப்பு இல்லை.

காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோகூட சி.ஆர்.பி.யைக் கூட்டும் என்பதால், அவை இருக்கும்போது எடுத்த ரிப்போர்ட்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். தணிந்தபின் மறுபடி எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.