கவிதை தேர்வாகிவிட்டது, பணம் கட்டச் சொல்கிறார்கள்!

கேள்வி: என் கவிதை ஒரு தொகுப்பு நூலுக்குத் தேர்வாகியிருப்பதாக வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. 1,500 ரூபாய் கட்டினால் இரண்டு பிரதி, சான்றிதழ், ‘கவிச்செம்மல்’ பட்டம் எல்லாம் உண்டாம். கட்டலாமா?
– கல்லூரி மாணவி, திண்டுக்கல்

பதில்: கட்டாதீர்கள். நூறு பேர் கட்டினால் ஒன்றரை லட்சம் முன்கூட்டியே கைக்கு வந்துவிடும். அதன்பின் புத்தகத்தை விற்க அவர்களுக்கு என்ன அவசரம்? ‘ஐஎஸ்பிஎன் எண் வாங்கித் தருகிறோம்’ என்பார்கள். அது புத்தகத்துக்கான சர்வதேச அடையாள எண். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை அதை இலவசமாகவே வழங்குகிறது.

பணத்தைவிடப் பெரிய கவலை, படிவத்தின் அடியில் பொடி எழுத்தில் இருக்கும் ‘அனைத்து உரிமைகளும் பதிப்பகத்துக்கே’ என்ற வரி. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 19-ன்படி உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் அந்த மாற்றம் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். ‘நிரந்தரமாக, உலகெங்கும்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் இந்தப் பாதுகாப்பு போய்விடும். அதனால் பணம் கேட்காத தொகுப்பானாலும், ‘இந்நூலில் ஒருமுறை அச்சிட மட்டும் அனுமதி, பதிப்புரிமை என்னுடையது’ என்று மின்னஞ்சல் எழுதுங்கள். சம்மதம் என்று பதில் வந்த பிறகே கவிதையை அனுப்புங்கள்.

கேள்வி: முகநூலில் என் கவிதையை ஒருவர் தன் பெயரில் போட்டிருக்கிறார். நான் பதிப்புரிமைப் பதிவு எதுவும் செய்யவில்லையே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமில்லை, எழுதியபோதே உரிமை உங்களுடையது. அவரிடம் உடனே சண்டைக்குப் போகாதீர்கள், அழித்துவிடுவார். முதலில் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பதிவின் லிங்க்கையும் சேமியுங்கள். பிறகு, நீங்கள் முன்பே வெளியிட்டதற்கான ஆதாரத்தோடு முகநூலின் பதிப்புரிமைப் புகார் படிவத்தை நிரப்புங்கள்.