ஜிடிஏ 6: கடைக்கு வருகிறவர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

தண்டையார்பேட்டையில் கேம் சென்டர் வைத்திருக்கிறேன். பிரவுசிங் சென்டராக இருந்த காலத்திலிருந்தே அதே கடைதான். ஜிடிஏ 6, அதாவது 'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ' வீடியோ கேமின் அடுத்த பாகம் பற்றித் தினமும் நாலு பேராவது கேட்கிறார்கள். அடிக்கடி வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கொருக்குப்பேட்டை தம்பி: அண்ணா, எப்பதான் வருது? தள்ளிக்கிட்டே போறாங்களே.

ஆட்டத்தைச் செய்யும் ராக்ஸ்டார் கம்பெனி கடைசியாக அறிவித்த தேதி 2026 நவம்பர் 19. முதலில் 2025 என்றார்கள், அப்புறம் 2026 மே 26, அதற்கப்புறம் இது. எனக்கு இதில் கோபமே இல்லை. ஜிடிஏ 5 வந்தது 2013 செப்டம்பரில். இவ்வளவு நாள் பொறுத்தோம், இன்னும் ஆறு மாதம் மெருகேற்றட்டும்.

முதல் டிரெய்லர் நம்மூர் நேரத்துக்கு 2023 டிசம்பர் 5 விடியற்காலையில் வந்தது. மிக்ஜாம் புயல் மழை கொட்டித் தீர்த்த கையோடு. கடைக்குள் முழங்கால் தண்ணீர், கரன்ட் இல்லை, சிக்னலும் இல்லை. சிபியுக்களை மேசைமேல் ஏற்றிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தேன். மூன்று நாள் கழித்துத்தான் அந்த ஒன்றரை நிமிடத்தைப் பார்த்தேன். சிறை உடையில் ஆட்டத்தின் நாயகி லூசியா பேச ஆரம்பித்ததும் கண் கலங்கிவிட்டது.

மூலக்கொத்தளம் அண்ணன்: திரும்ப வைஸ் சிட்டியாமே? உன் கடையில அதை ஆடித்தானே வளர்ந்தோம்!

ஆமாம் அண்ணே. மயாமியை வைத்துச் செய்த ஊர்தான் வைஸ் சிட்டி. 2002-இல் வந்த ஆட்டத்தின் கதை 1986-இல் நடக்கும். இது இன்றைய காலம். ஊரைச் சுற்றி லியோனிடா என்று ஃபுளோரிடா மாதிரி ஒரு மாநிலமே இருக்கிறது. ஜேசன், லூசியா என்று இரண்டு நாயகர்கள். மானிட்டர் ஓரத்தில் பேனாவால் 'பேன்ஸர்' என்று சீட் கோடு எழுதி வைத்திருப்பீர்களே, அதை டைப் செய்து ஆட்டத்தில் டாங்கி வரவைக்க? அந்த மானிட்டரை இன்னும் தூக்கிப் போடவில்லை.

பெரம்பூர் தம்பி: என் கம்ப்யூட்டரில் ஓடுமா? பிஎஸ்4-இல்?

பிஎஸ்4-இல், அதாவது பிளேஸ்டேஷன் 4-இல் வராது. அறிவித்திருப்பது பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ஆகிய கேம் பெட்டிகளுக்கு மட்டும். கம்ப்யூட்டருக்குத் தேதி சொல்லவில்லை. ஜிடிஏ 5 கம்ப்யூட்டருக்கு வர 2015 ஏப்ரல் ஆனது, பத்தொன்பது மாதம். அதனால் இப்போதே கடன் வாங்கி கிராபிக்ஸ் கார்டு போடாதே.

வியாசர்பாடி தம்பி: வாட்ஸ்அப்பில் ஜிடிஏ 6 மொபைல் லிங்க் வந்திருக்கு. போடலாமா?

போடாதே. போலி. வீட்டில் ஜிபே இருக்கும் போனில் தெரியாத ஆப் ஏற்றினால் அம்மாவின் பணம் போய்விடும்.

காசிமேடு தங்கை: கடலுக்கு ஒரு தெரு தள்ளித்தான் வீடு. பழைய பிளேஸ்டேஷனில் துரு ஏறிப்போச்சு. பிஎஸ்5 வாங்கலாமா?

வாங்கலாம்மா, ஆனால் பார்த்து வைத்துக்கொள். போன மாதம் ஒரு பெட்டியைத் திறந்தேன்; டிவி கேபிள் செருகும் ஹெச்டிஎம்ஐ துளைக்குள் பச்சை பூத்திருந்தது. உப்புக்காற்றின் வேலை. கடலைப் பார்த்த ஜன்னல் பக்கம் வைக்காதே. ஆடி முடித்து, சூடு ஆறியபின் மூடி வை. ஓடும்போது துணி போடவே கூடாது. பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால் தூசி சேரும் துளைகள் தெரியும், மாதம் ஒரு முறை உறிஞ்சி எடு. ஒரு யுபிஎஸ்ஸும் வாங்கிவிடு. சேவ் ஆகும் நேரத்தில் கரன்ட் போனால் ஆடியதெல்லாம் வீண்.

ஒரு அம்மா: என் பையனுக்குப் பன்னிரண்டு வயசு. ஆடட்டுமா?

வேண்டாம்மா. ஜிடிஏ 5-க்கே ஐரோப்பாவில் 18 வயது முத்திரை, அமெரிக்காவில் 17. என் கடையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட், கார் ரேஸ்தான் போட்டுக் கொடுக்கிறேன். அவனை அனுப்புங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்.