பையில் ஏழு கிலோவைத் தாண்டாமல் இருக்க

இரண்டு இரவுப் பயணம், விமானத்தில் கைப்பைக்கு 7 கிலோதான் அனுமதி, ஆனால் உங்கள் பை 9 கிலோ வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் போட்ட பட்டியலைப் பார்த்தால், எடை துணிகளால் மட்டும் வரவில்லை. முதலில் டிராலியைக் காலியாக எடை போட்டுப் பாருங்கள். சக்கரமும் கைப்பிடியும் சேர்ந்து அதுவே இரண்டரை, மூன்று கிலோ வந்துவிடும். சாதாரண முதுகுப்பை என்றால் ஒரு கிலோவுக்குள் முடியும். பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்தது.

அடுத்து, இரண்டாவது ஜோடி ஷூ வேண்டவே வேண்டாம். இருப்பதில் கனமான ஷூவையும் ஜீன்ஸையும் உடுத்திக்கொண்டே கிளம்புங்கள். மாற்றுக்கு மெல்லிய பேன்ட் ஒன்று, டி-ஷர்ட் இரண்டு. பருத்தியைவிட பாலியஸ்டர் சீக்கிரம் காயும். இரவில் அலசி, உலர்ந்த துண்டுக்குள் வைத்துச் சுருட்டி அழுத்தினால் ஈரம் பெரும்பகுதி போய்விடும்.

650 மில்லி ஷாம்பூ பாட்டிலை அப்படியே எடுத்துப்போகிறீர்களே, அது மட்டுமே முக்கால் கிலோ! சின்னக் குப்பியில் 50 மில்லி ஊற்றிக்கொள்ளுங்கள். 100 மில்லிக்கு மேற்பட்ட குப்பியைப் பல விமான நிலையங்களில் உள்ளே விடவும் மாட்டார்கள்.

அப்புறம், எடையைக் குறைக்கிறேன் என்று பவர் பேங்கை மட்டும் செக்-இன் பையில் போட்டுவிடாதீர்கள். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடும் என்பதால் அது கையோடுதான் வர வேண்டும்.