ஒட்டகச்சிவிங்கி கழுத்தை நீட்டி நீட்டித்தான் வளர்த்ததா?

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. "ஒட்டகச்சிவிங்கிக்கு ஏம்மா இவ்ளோ நீளக் கழுத்து?" என்று கேட்டாள். மேலே இருக்கிற இலையை எட்டி எட்டிக் கழுத்து நீண்டுவிட்டது என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து உயரமாக வேண்டும் என்று ஜன்னல் கம்பியில் தொங்குகிறாள். இயற்கைத் தேர்வை இந்த வயதுக்கு எப்படிச் சொல்வது?

பதில்: தொங்கட்டும், கைக்கு நல்லது. நீங்கள் சொன்ன பதிலைத்தான் பெரியவர்களில் பாதிப்பேர் சொல்வார்கள், அதற்கு நம் பேச்சும் ஒரு காரணம். "சூழலுக்கு ஏற்பத் தகவமைத்துக்கொண்டது" என்றே சொல்லிப் பழகியிருக்கிறோம். அந்த "கொண்டது"தான் வம்பு. சட்டையை மாற்றிக்கொண்டாள், தலை வாரிக்கொண்டாள் என்பதுபோல, ஒட்டகச்சிவிங்கியும் யோசித்துக் கழுத்தை மாற்றிக்கொண்டது என்றுதான் குழந்தை நினைக்கும். கொஞ்ச நாளைக்கு அந்தச் சொல்லை வீட்டில் விட்டுவிடுங்கள்.

முதலில் காது குத்திய கதையைப் பேசுங்கள். பாட்டிக்குக் குத்தினார்கள், உங்களுக்கும் குத்தினார்கள், பாட்டியின் பாட்டிக்கும் குத்தியிருப்பார்கள், ஆனாலும் இவள் பிறக்கும்போது காதில் ஓட்டை இருந்ததா? வாழும்போது உடம்புக்கு நாம் செய்வது பிள்ளைக்குப் போகாது, பிறக்கும்போதே இருப்பதுதான் போகும், அப்பாவின் மூக்கு இவளுக்கு வந்த மாதிரி. இது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

அப்புறம், ஒட்டகச்சிவிங்கியில் ஆரம்பிக்காதீர்கள். அந்தக் கழுத்து ஏன் நீண்டது என்று விஞ்ஞானிகளே இன்னும் வாதாடுகிறார்கள். அதைவிட, மனிதர்கள் பக்கத்திலிருந்து பார்த்து எண்ணிய ஒரு கதை இருக்கிறது. பசிபிக் கடலில் கலாபகஸ் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்று ஒரு குட்டித் தீவு. 1973 முதல் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதி அங்கே ஃபிஞ்ச் குருவிகளைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, அலகை அளந்துவந்தார்கள். 1977இல் மழை பொய்த்தது. மெத்தென்ற சின்ன விதைகளைக் குருவிகள் சீக்கிரமே தின்று தீர்த்துவிட, மிஞ்சியதில் முக்கியமானது முள்ளோடு இறுகிக் கிடந்த ஒரு காய். அது நம்மூர் நெருஞ்சியின் சொந்தக்காரச் செடிதான், ஒரு நெருஞ்சிக்காயைக் காட்டினாலே போதும் (மிதித்த அனுபவம் இருந்தால் இன்னும் நல்லது). தடித்த அலகு இருந்தவை அதை உடைத்துத் தின்றன, மற்றவற்றில் பெரும்பாலானவை பட்டினியில் செத்தன. சுமார் 1,200 குருவிகள் 200க்கும் கீழே வந்துவிட்டன. பிழைத்தவற்றின் அலகு சராசரியாக அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் தடிமன் அதிகம், ஆனால் அவற்றின் குஞ்சுகளும் அதேபோலத் தடித்த அலகோடு பிறந்தன. எந்தக் குருவியின் அலகும் வளரவில்லை என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

சரி, விளையாட்டு. ஒரு தட்டில் அரிசியும் புளியங்கொட்டையும் கலந்து போடுங்கள். ஒருவருக்குப் புருவம் திருத்தும் ட்வீசர், இன்னொருவருக்குத் துணி கிளிப், அதுதான் அலகு. முதல் சுற்றில் இருவருக்குமே சாப்பாடு கிடைக்கும். அடுத்து அரிசியை எடுத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் ஐந்து கொட்டை எடுக்காதவர் அவுட் என்று சொல்லுங்கள். ட்வீசரில் வழவழப்பான கொட்டை வழுக்கி வழுக்கி ஓடும். பிழைத்த குருவிக்கு இரண்டு குஞ்சு, அதற்காக இரண்டு கிளிப்பைக் கொடியில் மாட்டுங்கள். நிஜத்தில் அலகுக்கு அலகு இவ்வளவு வித்தியாசம் கிடையாது, அதையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

நடுவில் எந்தப் பிள்ளையும் கேட்கும்: "நான் கிளிப் வாங்கிக்கட்டுமா?" கூடாது! நான் இதை விளையாடவைத்தபோது ஒரு பையன் ட்வீசரைத் தூக்கி எறிந்து, "அப்ப இந்தக் குருவி என்னதான் பண்ணும்?" என்று அழ ஆரம்பித்துவிட்டான். ஒன்றும் பண்ண முடியாது, செத்துப்போகும் என்றுதான் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அது தப்பு ஒண்ணும் பண்ணலியே" என்றான். அவனுக்குப் புரிந்துவிட்டது. சாவைப் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று மழுப்பினால், குருவிகள் எல்லாம் சேர்ந்து மாறிவிட்டன என்ற பழைய கதைக்கே குழந்தை திரும்பிவிடும்.

தடித்த அலகுதான் உசத்தி என்று நினைத்துவிட்டாளா? அரிசியை மட்டும் போட்டு இன்னொரு சுற்று. டாஃப்னியிலும் அதுதான் நடந்தது, 1983இல் எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாவது) வந்து மழை கொட்டித் தீர்த்ததில் சின்ன விதைகள் பெருகி, அடுத்த ஓரிரு வருடங்களில் சின்ன அலகுக் குருவிகளின் கை ஓங்கியது.

ஏழு வயதுக்கு இதெல்லாம் அதிகமோ என்ற பயம் வேண்டாம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் டெபோரா கெலமன் குழு 2014இல் வெளியிட்ட ஆய்வில், 5 முதல் 8 வயதுப் பிள்ளைகள் ஒரு படக்கதையிலேயே இதைப் பிடித்துக்கொண்டார்கள். இயற்கைத் தேர்வு என்ற பெயரைக்கூட இப்போது சொல்ல வேண்டியதில்லை. "அன்னைக்கு அம்மா தப்பாச் சொல்லிட்டேன்" என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிட்டு, ஒட்டகச்சிவிங்கிக்கு என்ன நடந்திருக்கும் என்று இந்தத் தடவை அவளையே கேளுங்கள்.